இருவினையொப்பும் பக்குவமும்: சிவஞான மாபாடியமும் பொருநைக் கரை வழக்காறுகளும்

ஆய்வுச் சுருக்கம்

வினையை அளந்து கொடுக்கவும் கழிக்கவும் தக்க ஒரு பொருளாகக் காணும் நோக்கு, தாமிரவருணிக் கரையின் தீர்த்த வழக்காறுகளிலும் கன்னடியன் கால்வாய் பற்றிய கதை வழக்கிலும் வெளிப்படுகின்றது. அக்கரையிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவரோ, சிவஞான மாபாடியத்தில் இருவினையொப்பை வினைகளின் அளவு பற்றிய செய்தியாகக் கொள்ளவில்லை. உயிரின் அறிவில் நிகழும் மாற்றமாகவே விளக்குகின்றார். இவ்விளக்கத்தை ஏற்றால் ஆன்மப் பக்குவம் என்பது யாது, பக்குவம் எய்தியவர்க்குச் செயல் என்ன பொருள் தரும், பிறர் துன்பத்தை வினையால் விளக்குவது தகுமா என்னும் வினாக்களுக்கு வேறுபட்ட விடைகள் கிடைக்கின்றன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம், பசுபுண்ணியம், சிவபுண்ணியம், தாமிரவருணி, கன்னடியன் கால்வாய்

முன்னுரை

இலக்கியங்கள் பொருநை எனப் போற்றும் தாமிரவருணி, பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கின்றது. மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் பாபநாசம் அமைந்துள்ளது. ஊர்ப்பெயரே ஒரு கோட்பாட்டைச் சொல்கின்றது: இங்கு நீராடினால் பாவம் அழியும். இந்திரனைப் பற்றிய பழி நீங்கிய தலம் எனத் தலபுராண மரபு இதனைக் கூறும். பாபநாசத்தை அடுத்து அமைந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். சைவ சித்தாந்தச் சாத்திரங்களுக்கு எழுந்த உரைகளுள் மிக விரிந்ததாகிய சிவஞான மாபாடியத்தை இயற்றிய சிவஞான முனிவர் பிறந்த ஊர் அதுவே. பாவம் கழுவப்படும் துறையும், வினை எவ்வாறு கழிகின்றது என்பதை நுணுகி ஆராய்ந்த அறிஞரின் பிறப்பிடமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதை வெறும் தற்செயல் என விட்டுவிடலாம். எனினும் வினை பற்றிய இரு நோக்குகளை எதிரெதிர் நிறுத்திப் பார்க்க இதனைவிடப் பொருத்தமான நிலப்பகுதி கிடைப்பது அரிது.

கொடுக்கவும் கழிக்கவும் இயலும் வினை

ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்து நீராடப் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். 2018 அக்டோபரில் நடைபெற்ற மகா புஷ்கர விழாவின்போது ஆற்றின் துறைகள் பலவற்றிலும் இந்நீராடல் நிகழ்ந்தது. இவற்றோடு அண்மைக் காலத்தில் பரவியுள்ள பழக்கம் ஒன்று: பரிகாரத்திற்காக வருவோர் உடுத்திவந்த ஆடையைக் களைந்து ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். ஆடையோடு தோஷமும் போய்விடும் என்பது நம்பிக்கை. போவது தோஷமோ அன்றோ, ஆடை போவதில்லை. அது பாறை இடுக்கிலும் படித்துறையிலும் சிக்கிக் குவிய, அதனை வாரி அகற்றும் பணி தன்னார்வலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஓயாத வேலையாகிவிட்டது.

வினையைப் பிறிதொன்றில் ஏற்றிக் கைவிடலாம் என்னும் இவ்வெண்ணம் புதியதன்று. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பகுதிகளின் வயல்களுக்கு நீர் தரும் கன்னடியன் கால்வாய் தோன்றிய வரலாறாக வழங்கும் கதை இவ்வெண்ணத்தையே அடித்தளமாகக் கொண்டது. விவரங்களில் வேறுபாடுகள் இருப்பினும் கதையின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. கன்னட நாட்டு அரசன் ஒருவன் தீராத நோயுற்றான். எள்ளால் ஒரு பாவை செய்து, உள்ளே மணிகளை நிரப்பி, அதனை ஓர் அந்தணனுக்குத் தானமாகக் கொடுத்தால் நோய் பாவையோடு போய்விடும் என்றனர். அரசனின் வினையையும் சேர்த்து வாங்குவதாகுமே என அஞ்சிப் பலரும் மறுத்த தானத்தை இளைஞன் ஒருவன் ஏற்றான். பாவையோ அவனுடைய புண்ணியத்தில் ஒரு பங்கைக் கேட்டது, அவனும் தந்தான். அரசன் நலமடைந்தான். செல்வம் கைக்கு வந்தும் அந்தணனின் மனம் அமைதியுறவில்லை. இழந்த புண்ணியத்தை நினைந்து அகத்தியரைக் காணப் பொதிகை நோக்கி வந்தான். வழியில் அம்பாசமுத்திரத்துக் கோயில் அர்ச்சகர் ஒருவரிடம் மணிகளை ஒப்படைக்க, அவர் அவற்றை எடுத்துக்கொண்டு துவரம்பருப்பை வைத்தார். பொய்ச்சத்தியம் செய்ய முற்பட்டவரை இறைவன் எரித்தான் என்றும், அதனாலேயே அத்தல இறைவனுக்கு எரிச்சாவுடையார் என்னும் பெயர் ஏற்பட்டதென்றும் கூறுவர். இறுதியில் அகத்தியர் சொற்படி, ஒரு பசு நடந்து சென்ற வழியெல்லாம் அந்தணன் கால்வாய் வெட்டினான். மணிகள் முழுவதும் அதற்கே செலவாயின. ஏறத்தாழ 12,500 ஏக்கர் நிலம் இன்றும் அக்கால்வாயால் பாசனம் பெறுகின்றது.

இக்கதையைப் பக்திக் கதையாகவோ நீர்ப்பாசன வரலாற்றின் எச்சமாகவோ மட்டும் வாசிப்பது வழக்கம். வினைக்கோட்பாட்டின் வழி நோக்கினால் இதன் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றுக்கொன்று முரண்படுவது புலனாகும். முன்பாதியில் வினை ஒரு சரக்கு. நோய் பாவைக்குள் ஏறுகின்றது, புண்ணியம் பங்கு வைத்துத் தரப்படுகின்றது, கணக்குத் தீர்கின்றது. பின்பாதியில் அந்தக் கணக்கு யாருக்கும் நிறைவு தரவில்லை. இழந்த புண்ணியத்தை ஈடுகட்ட ஒரு மந்திரத்தையோ மற்றொரு தானத்தையோ அகத்தியர் கூறவில்லை. வேலை ஒன்றைக் கொடுக்கின்றார்.

விக்கிரமசிங்கபுரத்து முக்களாலிங்கர்

சிவஞான முனிவரின் பிள்ளைப் பெயர் முக்களாலிங்கர். தந்தை ஆனந்தக்கூத்தர், தாய் மயிலம்மை. பள்ளிச் சிறுவராக இருந்தபோதே, ஊருக்கு வந்த திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவியரை எதிர்கொண்டு வீட்டிற்கு அழைத்துவந்து அமுது செய்வித்து, பின் அவர்களோடு செல்லப் பெற்றோரிடம் விடைபெற்றார் என்பது வரலாற்று மரபு. ஆதீனத்தில் வேலப்ப தேசிகரிடம் உபதேசம் பெற்றுத் தமிழிலும் வடமொழியிலும் பெரும்புலமை எய்தினார். தொல்காப்பியச் சூத்திர விருத்தியும் காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டமும் அவர் இயற்றியவை. சிவஞான சித்தியாருக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் எழுதிய உரையை மறுத்துக் கடுமையான கண்டன நூலும் எழுதினார். (சித்தாந்த வரலாற்றின் புகழ்பெற்ற உரைப்பூசல் ஒன்று இரண்டு திருநெல்வேலிகளுக்கு இடையே நிகழ்ந்ததாகச் சொல்லலாம்.) அவருடைய மாபாடியமோ நெடுங்காலம் ஆதீனத்தின் ஏட்டுச் சுவடியாகவே காக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேயே முழுமையாக அச்சேறியது.

சிறுவர் ஒருவர் துறவை நாடிச் சென்ற நிகழ்ச்சியை மரபு எவ்வாறு விளக்கும் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. அக்கரையிலேயே ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் பேசாதிருந்தார் என்பர். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்பர். வயதுக்கு முந்திய பக்குவத்தை முற்பிறவித் தவத்தின் பயனாகக் கொள்வதே பொது வழக்கு. சிவஞான போதத்தின் எட்டாம் சூத்திரமும் தவத்தின் பயனாகவே குருவின் வருகையைக் கூறுகின்றது. வேடரிடையே வளர்ந்து தன்னை வேடன் என்றே கருதியிருந்த அரசகுமாரனுக்கு அவனுடைய உண்மையை உணர்த்துவதுபோல, ஐம்புலன்களிடையே மயங்கிக் கிடந்த உயிருக்கு இறைவனே குருவாக வந்து உணர்த்துகின்றான். இங்கே தவம் என்பது முன்பு இயற்றிய சரியை, கிரியை, யோகங்கள். இருவினையொப்புப் பற்றிய மாபாடியத்தின் முதன்மையான விளக்கமும் இச்சூத்திரத்தின் உரையிலேயே அமைந்துள்ளது.

இருவினையொப்பு: அளவா, அறிவா?

நல்வினையும் தீவினையும் ஒத்தல் என்பதே இத்தொடரின் நேர்ப்பொருள். வடமொழி ஆகமங்களில் இது கர்மசாமியம் எனப்படும். ஒத்த வலிமையுடைய இரண்டு வினைகள் ஒரே காலத்தில் பயன் தர முற்பட்டு, ஒன்றையொன்று தடுத்து நிற்கும் தருணத்தில் இறைவனின் சத்தி உயிரில் பதிகின்றது என ஒரு விளக்கம் அம்மரபில் உண்டு. துலாக்கோலின் இரு தட்டுகளும் ஒத்து நிற்றல் போன்றது இக்கருத்து. காசுமீரச் சைவரான அபிநவகுப்தர் தந்திராலோகத்தில் இதனைக் கடுமையாக மறுத்துள்ளார். எண்ணற்ற பிறவிகளின் வினைகளுள் எந்த இரண்டு எப்போது ஒத்தன என்று எவ்வாறு கொள்வது? ஒத்து நிற்பது தற்செயலாயின், அருளும் தற்செயலாகிவிடும் அன்றோ?

சிவஞான முனிவர் அளவு வழியில் செல்லவில்லை. நல்வினை, தீவினை ஆகிய இரண்டிலும், அவற்றின் பயன்களாகிய இன்ப துன்பங்களிலும், ஒன்றில் விருப்பும் மற்றொன்றில் வெறுப்பும் கொள்ளாமல் இரண்டிலும் ஒரு தன்மையாக உவர்ப்புத் தோன்றுதலே இருவினையொப்பு என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். ஒப்பு நிகழும் இடம் வினைகளின் குவியலன்று. அவற்றை நுகரும் உயிரின் அறிவு. ஒருவருடைய புண்ணியம் மலையளவும் பாவம் தினையளவும் இருப்பினும் இருவினையொப்பு நிகழலாம். இரண்டும் சரிசமமாக இருந்தும் நிகழாமற் போகலாம். கணக்குப் பார்க்கும் மனநிலையே நீங்குவதால், இதனைக் கணக்கின் முடிவு எனக் கூறுவதும் பொருந்தாது.

இவ்விளக்கத்திற்கான வித்து சிவஞான சித்தியாரிலேயே உள்ளது. வினையின் இயல்பை அந்நூல் உழவின் வழி உணர்த்துகின்றது. விளைந்த நெல் இப்போதைக்கு உணவு, மேலைக்கு வித்து. காரும் பிசானமுமாக இருபோகம் விளையும் பொருநைக் கரை வேளாண்மையில் இவ்வுவமை கண்ணெதிரே நிகழ்வது. ஒரு போகத்தின் நெல்லில் ஒரு பகுதி குதிரில் உணவாகவும் மற்றொரு பகுதி கோட்டையில் விதையாகவும் பிரிகின்றது. உண்ணப்படும் பகுதி பிராரத்தம். உண்ணும்போதே விருப்பு வெறுப்பால் சேரும் புதிய வித்து ஆகாமியம். சேர்த்து வைக்கப்பட்டுள்ளது சஞ்சிதம். உண்பதை நிறுத்தி இச்சுழற்சியை அறுக்க இயலாது. உண்ணும்போது வித்து சேராதிருக்கும் வழியே தேவைப்படுகின்றது.

சித்தியாரின் மற்றோர் உவமை இதற்கு விடை தருகின்றது. மருத்துவன் சில நோய்களை அறுத்துக் கீறித் தீர்ப்பான். சிலவற்றைப் பாலும் சர்க்கரையும் கொடுத்துத் தீர்ப்பான். வினை அறிவற்ற சடப்பொருள் ஆதலால் அது தானே சென்று உயிரைப் பற்றுவதில்லை; இறைவனே உயிரின் நோய் தீர அதனைக் கூட்டுகின்றான். கத்தியும் சர்க்கரையும் ஒரே கையிலிருந்து வருகின்றன என்று அறிந்த நோயாளி, ஒன்றுக்கு ஏங்கி மற்றொன்றுக்கு அஞ்சுவதை விட்டுவிடுகின்றான். இவ்வறிவே இருவினையொப்பு எனக் கொண்டால் மாபாடியத்தின் விளக்கம் மூலநூல் மரபோடு இயல்பாகப் பொருந்துவது தெளிவாகும். வினை இன்னோர் உயிருக்குக் கைமாறாது என்பதும் இதனாலேயே பெறப்படும். ஒருவரின் மருந்தை மற்றொருவர் உண்டு நோய் தீர்வதில்லை. எட்பாவையின் உள்ளே அரசன் அடைத்தனுப்பியது எதுவாயினும், சித்தாந்தத்தின்படி அது அவனுடைய வினையாக இருக்க முடியாது.

பழுத்தலும் பதிதலும்

இருவினையொப்போடு மலபரிபாகம், சத்திநிபாதம் என்னும் இரண்டும் சேர்த்து எண்ணப்படும். பக்குவம் என்று வழக்கில் சொல்லப்படுவது மலபரிபாகத்தையே. உயிரின் நற்குணங்கள் வளர்தலைப் பக்குவமாகக் கொள்வது பொதுவான புரிதல். சித்தாந்தத்தில் பழுப்பது உயிரன்று, மலம். அதாவது, உயிரின் அறிவை மறைத்து நின்ற ஆணவம் தன் ஆற்றல் தேய்தற்குரிய துணைக்காரணங்களோடு கூடித் தளர்வதே பரிபாகம். புதிதாக ஒன்று வந்து சேர்வதில்லை, மறைத்தது விலகுகின்றது. பக்குவம் எய்தியவர் தம்மைப் பக்குவர் எனப் பெருமை கொள்ள இடமில்லாதபடி அமைந்த கோட்பாடு இது.

சத்திநிபாதம் என்பது அருட்சத்தியின் வீழ்ச்சி. மக்கள் கூடியிருக்கும் அவையின் நடுவே ஒரு கல் வந்து விழுந்தால் அங்கிருந்தோர் திடுக்கிட்டு எழுந்து அகல்வது போன்றது அது என்பது உரைமரபில் வழங்கும் உவமை. கல் விழுந்த விசைக்கேற்ப அகலும் விரைவும் மாறும் ஆதலால் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுத்துவர்.

இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் தழைத்த வைணவ மரபோடு ஓர் ஒப்பீடு இங்குப் பயன் தரும். ஆழ்வார்திருநகரியோடு நெருங்கிய தொடர்புடைய மணவாள மாமுனிகள் பிள்ளை லோகாசாரியரின் முமுட்சுப்படிக்கு வியாக்கியானம் செய்தவர். வீடு வேண்டுவோர்க்குப் புண்ணியமும் பாவமே என்பது அந்நூலின் துணிபு. இரண்டும் தளை என்பதில் சைவமும் வைணவமும் ஒன்றுபடுகின்றன. அருளுக்கு உயிரின் பக்குவம் காரணமாதல் வேண்டுமா என்பதிலேயே வேறுபாடு. தென்கலை மரபு இறைவனின் அருளைக் காரணம் வேண்டாததாகக் கொள்ளும். சித்தாந்தம் பரிபாகத்தை வற்புறுத்தும். பக்குவம் நோக்காது அருள் பதியுமாயின் எல்லா உயிர்க்கும் ஒரே காலத்தில் ஏன் பதியவில்லை என்பது சித்தாந்தியின் வினா.

நல்வினையும் உவர்க்குமாயின்

இருவினையொப்புக் கோட்பாட்டிற்கு எதிராக எழும் வலிமையான தடை ஒன்று உண்டு. நல்வினையிலும் உவர்ப்புத் தோன்ற வேண்டுமெனின் அறம் செய்வது எதற்கு? தீமையைத் தடுப்பது எதற்கு? பக்குவம் என்பது எல்லாவற்றையும் கைகட்டிப் பார்த்திருக்கும் நிலையா?

இதற்கு விடையாக அமைவது பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என்னும் பாகுபாடு. பயனை நோக்கி, யான் செய்கின்றேன் என்னும் முனைப்போடு செய்யும் நற்செயல் பசுபுண்ணியம். அது சுவர்க்கம் முதலிய இன்பத்தைத் தந்து மீண்டும் பிறவியில் சேர்க்கும். இறைவனை நோக்கிச் செய்வது சிவபுண்ணியம். அது தளையாவதில்லை, பக்குவத்தை நோக்கி நடத்தும். உவர்ப்புத் தோன்றுவது முன்னதன் பயனில். பின்னது உவர்ப்புத் தோன்றுதற்கே துணை செய்வது.

இப்பாகுபாட்டில் கன்னடியன் கால்வாயை எங்கு வைப்பது? குளம் தொட்டு, கால்வாய் வெட்டிப் பெறும் புண்ணியத்தைப் பசுபுண்ணியத்தில் அடக்குவதே நேரான வகைப்பாடு. இழந்த புண்ணியத்தைத் திரும்பப் பெறவே அந்தணன் புறப்பட்டான் என்பதும் இதற்கு அரண் செய்யும். ஆயினும் கதை முடியும் இடத்தில் அவன் கையில் ஒன்றும் இல்லை. மணிகள் தீர்ந்தன, பசுவின் நடையே வழியை வரைந்தது, அவனுடைய பெயர்கூடக் கதை வழக்கில் நிற்கவில்லை, கன்னடியன் என்னும் நாட்டடையாளமே எஞ்சியது. தன் திட்டம், தன் பயன் என்னும் இரண்டும் கழன்றபின் நிற்கும் செயலைப் பசுபுண்ணியம் என்று மட்டும் கூறி அமைவது கடினம். கதையை உருவாக்கியோர் சித்தாந்த நூல்களைக் கற்றிருந்தனரா என்பதை ஆராய வேண்டியதில்லை. வினையைக் கைமாற்றும் நம்பிக்கையில் தொடங்கிய கதை, தன் போக்கிலேயே அந்நம்பிக்கையைக் கடந்துவிடுவதே இங்கு முதன்மையானது.

சிவஞான போதத்தின் பத்தாம் சூத்திரம் இந்நிலையை இறைபணி நிற்றல் என்னும் கருத்தால் விளக்குகின்றது. தீக்கையில் சஞ்சிதம் எரிக்கப்படும். உடல் உள்ளவரை பிராரத்தம் நுகர்ந்தே தீர வேண்டும். குயவன் கையெடுத்த பின்னும் சக்கரம் சற்றுச் சுழல்வதும், பெருங்காயம் இருந்த பாண்டத்தில் மணம் நிற்பதும் இதற்குக் கூறும் உவமைகள். அந்நுகர்ச்சியினூடே ஆகாமியம் ஏறாதிருக்கும் வழி, தன் செயலை இறைவன் செயலின் வழிப்படுத்தி நிற்றலே. ஞானியின் வாழ்க்கை செயலற்று வறண்டுவிடும் என்னும் கருத்திற்கு இங்கு இடமில்லை. பன்னிரண்டாம் சூத்திரம் அடியவர் கூட்டத்தையும் திருக்கோயிலையும் வழிபட்டு வாழ்தலைக் கூறியே நூலை நிறைவு செய்கின்றது.

பிறர் துன்பமும் வினைச்சொல்லும்

வினைக்கோட்பாடு சமூகத்தில் பெரும்பாலும் பிறரைப் பற்றிய தீர்ப்பாகவே பயன்பட்டுள்ளது. ஒருவரின் வறுமையும் நோயும் பிறப்பால் சுமத்தப்பட்ட இழிவும் அவரவர் வினைப்பயன் எனக் கூறப்படுகையில், கூறுவோருக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லாமற் போகின்றது. சித்தாந்த நூல்கள் இன்ப துன்பங்களுக்கு வினையே காரணம் என்பதை மறுக்கவில்லை. அவற்றை அவ்வாறு பயன்படுத்திய வரலாற்றையும் மறைக்க இயலாது. ஆனால் இருவினையொப்பை அறிவில் நிகழும் மாற்றமாகக் கொண்டால், அது தன் இன்ப துன்பங்களை நோக்கி மட்டுமே பொருள்படும் சொல்லாகின்றது. தன் துன்பத்தை மருந்தெனக் கொள்ளுதல் பக்குவம். பிறர் துன்பத்தை மருந்தெனச் சொல்லி விலகுதல் அவ்வாறன்று. சித்தியார் அறமாக எண்ணுவனவற்றுள் அன்பும் அருளும் தானமும் இடம்பெறுவதையும் இங்கு இணைத்து நோக்க வேண்டும். பிறர் துன்பம் அவர் வினை என்பதோடு செய்தி முடிந்துவிடுமாயின் இவற்றுக்கு அங்கு இடமிருந்திராது.

சரியையின் உடல்

தீர்த்த நீராடலைச் சித்தாந்தம் விலக்குவதில்லை. அது சரியையின் பாற்படும். பாபநாசத்துத் துறையில் மூழ்கி எழுவோரின் நம்பிக்கையை அறியாமை எனத் தள்ளுவது மாபாடியத்தின் நெறிக்கும் உடன்பாடன்று. நான்கு பாதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகளாகவே கொள்ளப்படுகின்றன. ஆனால் சரியை எவற்றால் ஆனது என்பதை நோக்க வேண்டும். திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், விளக்கிடுதல், அடியாரைக் கண்டால் அவர்க்கு ஏவல் செய்தல் எனச் சாத்திரம் அடுக்குவன யாவும் உடலால் செய்யும் தொண்டுகள். உழவாரம் ஏந்திய அப்பரே அதற்கு உருவம். இவற்றுள் எதுவும் ஒன்றைக் கழற்றி எறிந்து செல்வதன்று.

இவ்வளவையால் பார்த்தால், ஆற்றில் விடப்படும் ஆடை சரியையில் அடங்காது. அது வினையைச் சரக்காகக் காணும் நோக்கின் எச்சம். எட்பாவையின் மலிவான வடிவம். எட்பாவையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவனுக்கு மணிகளும் கிடைத்தன. ஆடையை வாங்கிக்கொள்வது ஆறு. அமாவாசை கழிந்த மறுநாள் இடுப்பளவு நீரில் நின்று, பாறையில் சுற்றிக்கொண்ட நனைந்த வேட்டியையும் சேலையையும் இழுத்துக் கரையில் போடுவோரின் வேலையை அலகிடுதலோடும் மெழுகுதலோடும் சேர்த்து எண்ணுவதற்குச் சாத்திரத்தில் தடை ஏதும் காணப்படவில்லை. அவ்வாறு அகற்றப்படாத துணி மதகுகளில் அடைத்துக்கொண்டால், கார் சாகுபடிக்குத் திறக்கும் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும்.